நாக்கைப் பிடித்த கல்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, நிலவியல் துறைப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், கய்யூம் சாரின் துணைவியார் ஜமீலுன்னிசா அக்கா, கோபாலபுரத்தின் இந்தச் சின்னப் பள்ளி அரங்கு நிறைய வந்திருக்கும் நண்பர்களே! வணக்கம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று நாம் அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் முனைவர் அப்துல் கய்யூம் அவர்களோடு பத்தொன்பது ஆண்டுகள் அரியலூர் வெயிலில் அலைந்தவள் நான். ஒரு காலத்தில் கடல் கிடந்த மண் அது. குனிந்தால் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கும். கையில் எடுத்தது கல்லா, எலும்பா என்று சந்தேகம் வந்தால் கய்யூம் சார் கருவியைத் தேடமாட்டார். துடைத்து நாக்கில் வைப்பார்!

"வெச்சுப் பாரும்மா சாருலதா, எலும்பா இருந்தா நாக்கப் புடிச்சுக்கும்" என்பார். ஒருநாளாவது வைத்தேனா? இல்லை. கண்டதையும் வாயில் வைக்கிறாரே என்று முகம் சுளித்தேன். அவர் சிரிப்பார்.

சென்ற மாதம், ஒரு சுண்ணாம்புக்கல் நிறுவனம் தோண்டக் கேட்கும் மேட்டில் அப்படி ஒரு துண்டை வைத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டார். அங்கே புதைபடிவம் எதுவும் இல்லை என்று நிறுவனத்தாரே அறிக்கை எழுதி அவரிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டாரா? போடவில்லை! மிரட்டலுக்குப் பணிந்தாரா? பணியவில்லை! போன வியாழக்கிழமை மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அவரோடு ஆய்வு செய்தவள் என்பதால், இனி என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாளை காலைக்குள் கேட்கிறார்கள்.

நேற்று ஒரு போன். "இன்னா மேடம், பெரியவரு பூட்டாரு. நீயாவது கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா இரு. உன் பொண்ணு ஆறு மணி வண்டில மாம்பலத்துலதான எறங்குது?"

என் மகள் ஸ்நேஹா அந்த வண்டியில்தான் வருகிறாள்! மறைக்க விரும்பவில்லை, பேனாவைத் திறந்துவிட்டேன். அது வெறும் கல்லாக இருக்கலாம், நான் சோதிக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று வாசலில் ஜமீலுன்னிசா அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தார். "மேசை மேல இருந்துச்சு. ஒங்க பேரு எழுதி வெச்சிருக்காரு" என்றார். அந்தத் துண்டுதான். இதோ!

பயத்தில் வாய் உலர்ந்து கிடக்கிறது. உலர்ந்த நாக்கில் எது ஒட்டும்? யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்... நன்றி. எல்லோரும் பாருங்கள்.

...

பிடித்துக்கொண்டது. எலும்புதான், கய்யூம் சார்! நாளை அதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். உங்கள் வேலை நிற்காது.

பயம் மட்டும் போகவில்லை. இன்று ஆறு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷனில் என் மகளுக்காகக் காத்து நிற்பேன். என்னோடு வந்து நிற்க, இந்த அரங்கிலிருந்து யார் யார் வருகிறீர்கள்?