கதவெடுத்தான் விளை

ரொம்பக் காலத்துக்கு முன்ன, இந்தத் தேரிச் செம்மணல்ல மாட்டுவண்டித் தடம்கூட விழாத காலத்துல, நம்ம கருக்குவிளையில வேதக்கண்ணுன்னு ஒரு பனையேறி இருந்தாராம். முப்பது வயசுக்கு மேல எழுத்துக் கூட்டிப் படிச்ச மனுசன். படிச்சதும் ஒரு வைராக்கியம் வந்துட்டு. பொழுது சாஞ்சா வேதம் வாசிக்கணும். பொண்டாட்டி மாசிலா, ஒரே மக கிருபை, மூணு பேரும் பாயில உக்காந்து ஆளுக்கொரு வசனமா சுத்தி வரணும். முடிச்சிட்டுத்தான் கஞ்சி.

நல்ல பழக்கந்தான், இல்லன்னு யாரு சொன்னா? ஆனா ஊரு விடுமா? வாசிக்கும்போதுதான் ஒருத்தி மோர் கேட்டு வருவா. ஒருத்தன் அருவாள் கேட்டு வருவான். கோழி வேற பாயில ஏறிரும். மனுசனுக்குக் கோவம் வந்துட்டு. பனங்கைக் கட்டையச் செதுக்கி ஒரு தாழ்ப்பாள் போட்டாராம். "ஆமென் சொல்லுத வரைக்கும் ராசாவே வந்தாலும் இந்தக் கதவு தொறக்காது"ன்னாராம். தொறக்கலியே. ஊரும் பழகிட்டு.

கிருபைன்னா அவருக்கு உசிரு. அப்பன் வாயப் பாத்தே வசனத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிருவா. சனிக்கிழமை சனிக்கிழமை வேதத்துலயே நீளமான நூத்திப் பத்தொம்பதாம் சங்கீதத்த வாசிப்பாவ. அத அவ ஏட்டப் பாக்காமலே சொல்லுவா.

அப்படி ஒரு சனிக்கிழமை. ஓலை பொறக்கப் போனவ மத்தியானம் குவியல்ல கைய விட்டிருக்கா. ஏதோ சுருக்குன்னுச்சாம். பனைமட்டைக் கருக்குதான் கிழிச்சிட்டுன்னு கூட வந்த பிள்ளைககிட்ட சொல்லிட்டு, கையப் பாவாடையில தொடச்சிட்டு வேலையப் பாத்திருக்கா. பொழுது சாயுதப்போ கண்ணு சொக்குது, காலு பின்னுது. தட்டுத் தடுமாறி வீட்டுக்கு வந்தா, தாழ்ப்பாள் விழுந்துட்டு.

"யப்பா... கதவத் தொறங்கப்பா. கண்ணச் சொக்குது."

மாசிலா எந்திரிச்சிட்டா. வேதக்கண்ணு அவ கையப் புடிச்சு உக்கார வச்சாராம். "பிந்தி வந்தவளுக்குத் தூக்கம் ஒரு சாக்கு. மகளுக்கு ஒரு ஞாயம், ஊருக்கு ஒரு ஞாயமா? இரு."

அவரு ஒரு வசனம் வாசிச்சாரு. மாசிலா ஒண்ணு வாசிச்சா. மக முறை வந்துது. அவரு வாயத் தொறக்கதுக்குள்ள வெளியேருந்து குரல் வந்துட்டாம். கதவுல சாஞ்சிக்கிட்டு, அவ முறை வசனத்த அவளே சொல்லுதா! அப்பனுக்கு நெஞ்சு பூரிச்சுப் போச்சு. "கேட்டியா மாசிலா? வெளிய நின்னாலும் விட்டுக்குடுக்காம சொல்லுதா பாரு. இதுல்லா எம் பிள்ளை!"

ஐயோ பாவி மனுசா, அப்பமே தொறந்திருக்கலாமே.

அடுத்த சுத்துலயும் சொன்னா. அதுக்கடுத்த சுத்துல நாக்கு கொழறுது. "அவளுக்கு என்னமோ செய்யுது, தொறங்க"ன்னு மாசிலா அழுதாளாம். "கோவம். வேற ஒண்ணுமில்ல"ன்னாராம் அவரு. மறுபடியும் அவ முறை வந்துது. சத்தமில்ல.

"சொல்லு மக்கா."

சத்தமில்ல.

"ஏ கிருபை, உன் வசனந்தான். சொல்லு."

ஆமென் சொல்லாம அன்னைக்குத்தான் மொத மொதலா தாழ்ப்பாள எடுத்தாரு. கதவுல சாஞ்சிருந்த பிள்ளை அவரு காலுல வந்து விழுந்துது. வெரல்ல ரெண்டு புள்ளி. கட்டுவிரியன். விஷக்கடி வைத்தியரு கூப்பிடு தூரத்துலதான் இருந்தாரு. தூக்கிட்டு ஓடுனாரு. "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கப்படாதா?"ன்னு வைத்தியரு கேட்டாராம்.

சவப்பெட்டி செய்யப் பலகை தேடுனாவ. "தேடாதீய"ன்னு சொல்லிட்டு, வேதக்கண்ணு போய்த் தன் வீட்டுக் கதவப் பேத்து எடுத்துட்டு வந்தாராம்.

இனி அந்த ஆளு வேதத்தத் தொடமாட்டாருன்னு ஊரு பேசுச்சு. அடுத்த சனிக்கிழமை தொட்டாரு. கதவில்லாத வாசலப் பாத்துப் பாய விரிச்சாரு. அவரு ஒரு வசனம், மாசிலா ஒரு வசனம். மூணாவது முறை வந்ததும் நிறுத்திட்டாரு. வாசலயே பாத்துட்டு இருந்தாராம். அப்பம் பக்கத்து வீட்டுக்காரி மோர் கேட்டு வந்து, பயந்துபோய்த் திரும்பிப் போகப் பாத்திருக்கா. "வா தாயி, உள்ள வா. வேதம் இங்கனதான் இருக்கும், எங்கயும் போயிராது"ன்னாராம். சாகுத வரைக்கும் அந்த வீட்டுக்கு அவரு கதவே வைக்கல.

அந்த எடத்துக்குத்தான் மக்கா, கதவெடுத்தான் விளைன்னு பேரு. இன்னைக்கும் நம்ம ஊருல ஜெப நேரத்துல எந்த வீட்டுக் கதவையும் சாத்தமாட்டோம். யாரு வந்தாலும் பாதி வசனத்துலயும் எந்திரிச்சிருவோம். சனிக்கிழமைச் சங்கீதத்துல ஒரு வசனத்த மட்டும் யாரும் வாசிக்கமாட்டோம். வாசலப் பாத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். அது கிருபையோட முறை.