துரை கொடுத்த கடிகாரம்

ஹலோ... ஹலோ, பழம்பொருள் கடை கனி பாயா?... நான் திருவாதவூர் ராஜபாண்டி. காலையில பீங்கான் கடிகாரம் போட்டோ அனுப்புனேன்ல... ஆமா, ஆமா... அதுவா? அந்தச் சத்தம் என் தம்பி தவசி. அவன் கழுத்துல கால வச்சுக்கிட்டுத்தான் பேசுறேன். நீங்க சொல்லுங்க...

பிரான்ஸு பொருளேதானா?... பாத்தீங்களா! வெள்ளக்காரத் துரை எங்க தாத்தா சங்கிலியப் பக்கத்து நாற்காலியில உக்கார வச்சு, கையில கொடுத்தது பாய்... டேய், மூடுறா வாய! உலக்கையால வாங்குனது பத்தலயா?... இல்ல பாய், தாத்தா துரை பங்களாவுல சமையல் பாத்தாருன்னு உளறுறான். முன்பல்லு ரெண்டும் போயிருச்சு, அதான் பேச்சு கொளறுது...

ஆமா... முள்ளு ஓடாது... மேல நிக்கிற பீங்கான் பொம்மைக்கு ஒரு கை இல்ல. இன்னைக்குத்தான் உடஞ்சுச்சு. இவன் இழுத்தான், நான் விடல... எம்புட்டு?... எட்டு லட்சமா!... தவசி, அருவா பக்கம் கை போச்சு, வெரல மிதிச்சு நொறுக்கிப்புடுவேன்... சொல்லுங்க பாய்...

அடியிலயா? இருங்க, தூக்க ரெண்டு கையும் வேணும், ஸ்பீக்கர்ல போட்டுக்கிறேன்... ம்... எழுதியிருக்கு பாய். 'துரையின் தோழர் சங்கிலி பேரன் ராஜபாண்டி'ன்னு... அதுக்கு முன்னாடியா? அட, ஆமா! நீல மையில ரெண்டு எழுத்து பின்னிக்கிட்டு இருந்துச்சு. பாக்காமலே சொல்றீங்களே!... எவனோ ஒருத்தன் பேரு நம்ம வீட்டுப் பொருள்ல எதுக்கு? போன வாரம் பாத்திரக்கடையில கொடுத்து, அத மிஷின் வச்சு ராவி எடுத்துட்டு, குடத்துல வெட்டுற மாதிரியே என் பேர வெட்டிட்டேன். இனிமே இந்தப் பய பங்கு கேப்பானா?...

பாய்?... ஏன் கத்துறீங்க?... என்னது, அது செஞ்ச கம்பெனி முத்திரையா? அந்த எழுத்துக்குத்தான் எட்டு லட்சமா?... அப்ப இப்ப?... ஒரு பூச்சாடி விலைக்குக்கூடவா போகாது?...

டேய், என்னடா சிரிப்பு?... சரி, சரி, எந்திரி தவசி. கால எடுத்துட்டேன். மூத்தவன் நான் விட்டுக்கொடுக்குறேன், நீயே வச்சுக்க... இந்தா, பிடி...

போன வைக்காதீங்க பாய், ஒரு நிமிஷம்... டேய், அத எதுக்குத் தலைக்கு மேல தூக்குற?... வேணாம்டா... அண்ணன்டா... சரிடா, ஒத்துக்கிறேன், தாத்தா சமையல்தான் பாத்தாரு... நாற்காலியெல்லாம் கெடையாது... துரை கொடுக்கவும் இல்ல, சொல்லாமத்தான் தூக்கிட்டு வந்தாரு... கீழ வையிடா... பாய், நீங்களாவது இவன்கிட்டச் சொல்லு—