பெயிண்ட் காய்கிற மூன்று நாள்

ஃபைபர் படகு வாங்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. விரலை மடக்கி, முட்டியால் படகின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் கெட்டியாக இருந்தால் சிரிப்பார்கள். இல்லையென்றால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள். கடலூர் முதுநகரில் ஆறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், தட்டிப் பார்த்துவிட்டு யாரும் அப்படிப் போனதில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும், இன்ஸ்பெக்டர் ஐயா. நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டதும் அதற்காகத்தான். உங்கள் ரைட்டர் நல்லவர், ஆனால் அவருக்கு ஃபைபர் வேலை தெரியாது.

என் பெயர் சார்லஸ். சுனாமிக்குப் பிறகு கடற்கரையெல்லாம் ஃபைபர் படகாக வந்து இறங்கியபோது இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். கண்ணாடி இழையில் செய்த துணியை நாங்கள் மேட் என்போம். அதை விரித்து, ரெசின் தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். எத்தனை மேட்டோ அத்தனை பலம். நான் யாருக்கும் ஒரு மேட் குறைத்ததில்லை. கேட்காமலே ஒன்று கூடப் போடுவேன்.

போன டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்ததே, அதில் சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு பொறியியல் கல்லூரியின் கொட்டகை சரிந்தது. உள்ளே ஒரு கிளைடர் இருந்தது. இஞ்சின் இல்லாத விமானம் அது. கயிறு கட்டி இழுத்து மேலே விட்டால் காற்றிலேயே மிதந்து இறங்கும். கூரைத் தகடு விழுந்து அதன் வாலில் இருந்த எலிவேட்டர் கிழிந்துவிட்டது. விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிற பலகை அது, நீளம் ஒரு ஆள் உயரம் இருக்கும். இதைச் சரிசெய்ய லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் ஜூன் மாதம் தேதி கொடுத்தார்களாம். தாளாளரின் மணிவிழா மார்ச்சில். ஜூன் வரை அறுபது வயதாகாமல் இருக்கச் சொல்லித் தாளாளரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. எனவே எலிவேட்டர் என்னிடம் வந்தது.

கொண்டுவந்தவர் சத்யநாராயணன் சார். அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், கிளைடரை ஓட்டுகிறவரும் அவரே. முப்பத்து நாலு வயது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர்மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

கிழிசலை ஒட்டி, வழக்கம்போல ஒரு மேட் கூடப் போட்டுக் கொடுத்தேன். அவர் தட்டிப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்து, எலிவேட்டரைக் கீலில் தொங்கவிட்டு, பின்விளிம்பைத் தராசில் வைத்தார்.

“கனம் ஜாஸ்தியா இருக்குண்ணே. எறக்கணும்” என்றார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மறுபடியும் ஜாஸ்தி. மறுபடியும் தேய்த்தேன். மூன்றாம் தடவை அவர் தராசை வைத்தபோது என் பழைய வாடிக்கைக்காரர் சிங்காரம் படகு விஷயமாக வந்திருந்தார். கூட நாலு பேர்.

“இன்னா சார்லஸு, சென்னாக்குனி கருவாடு நிறுக்கறாப்ல நிறுக்கறாரு? ஒன் வேலைய ஒருத்தரு இவ்ளோ சந்தேகப்பட்டு நான் பாத்ததில்ல” என்றார் சிங்காரம். நாலு பேரும் சிரித்தார்கள். சத்யநாராயணன் சாரும் லேசாகச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஒட்டியதை என் கையாலேயே தேய்த்து எடுப்பது, பெற்ற பிள்ளைக்குச் சோற்றைக் குறைப்பது மாதிரி.

என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. மறுநாள் வந்து பொறுமையாக விளக்கினார். ஒரு அட்டையின் முன்விளிம்பைக் குச்சியில் டேப் வைத்து ஒட்டி, டேபிள் ஃபேனுக்கு எதிரே பிடித்தார். சும்மா இருந்தது. அட்டையின் பின்விளிம்பில் ஒரு இரண்டு ரூபாய்க் காசை ஒட்டிவிட்டு மறுபடி பிடித்தார். ஃபேன் ஒன்றில் ஓடும்போது ஒன்றும் இல்லை. மூன்றில் வைத்ததும் அட்டை படபடவென்று அடித்துக்கொண்டு டேப்பைப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

“பின்னாடி கனம் சேந்தா இதாண்ணே ஆவும். மெதுவா போனா தெரியாது. வேகம் புடிச்சா வாலோட பிச்சிக்கும். அப்புறம் நான் எறங்க முடியாது” என்றார்.

எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. அவர் காசை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நாலாம் தடவை தராசு சரியென்றது. அவர் படிவத்தில் எடையை எழுதிக் கையெழுத்துப் போட்டார், என்னையும் போடச் சொன்னார். பாக்கி இருந்தது மெல்லிசாக ஒரு கோட் பெயிண்ட்தான். காய மூன்று நாள் ஆகும் என்று சொல்லி எலிவேட்டரை வைத்துக்கொண்டேன்.

அவர் போனதும் அதைத் தட்டிப் பார்த்தேன். அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. என் பட்டறையிலிருந்து அப்படி ஒரு பொருள் வெளியே போவதா? பின்விளிம்பு நெடுக இரண்டு மேட் ஒட்டினேன். முடிகிற படகு ஒவ்வொன்றிலும் கடைசி மேட்டுக்கு அடியில் ஒரு காசு வைப்பது எங்கள் பட்டறை வழக்கம், ராசிக்காக. மேஜையில் இருந்த காசை எடுத்து அங்கே வைத்தேன். மேலே பெயிண்ட் அடித்தேன்.

என் மனைவி இசைவாணி சாப்பாடு கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள்.

“அந்த சார் வாணாம்னு சொன்னத ஏங்க மறுபடி ஒட்றீங்க?”

“பலமா இருந்தா அவருக்குத்தான நல்லது.”

“அவருகிட்ட சொல்லிட்டீங்களா?”

அன்றைக்குக் குழம்பில் உப்புக் குறைவு. அதைப் பற்றிப் பேசினோம்.

மூன்றாம் நாள் சார் வந்தார். மணிவிழாவுக்கு ஒரு நாள்தான் இருந்தது. தராசு கொண்டுவரவில்லை.

“பெயிண்ட்டுக்கு அப்புறம் எடை பாத்தீங்களாண்ணே?”

“பாத்தேன் சார். அதேதான்.”

அவர் என்னை நம்பினார். நாலு தடவை நம்பாதவர் அன்றைக்கு நம்பியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. பந்தலில் மூன்றாவது வரிசை. கிளைடர் உயரத்திலிருந்து பாய்ந்து, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் தாளாளரின் தலைக்கு மேலே போகும் என்று பேனரில் பெரிதாகப் போட்டிருந்தது. படித்தேன். ஃபேனும் ஞாபகம் வந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கயிறு கட்ட இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஆனால் கிளைடர் இறங்கியதும் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் போய், கனம் ஜாஸ்தி என்று எந்த வாயால் சொல்வது? சிங்காரத்தை வேறு கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

பாய்ந்து வரும்போது வால், அந்த அட்டை மாதிரியே அடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததை நூற்றுக்கணக்கான பேர் பார்த்தார்கள், நான் எழுத வேண்டியதில்லை. பொன்னாடை இன்னும் வரவில்லை.

எலிவேட்டர் தனியாகப் பறந்து, கிள்ளைப் பக்கம் ஒரு இறால் குட்டையில் விழுந்து மிதந்ததாம். நீங்கள் பின்விளிம்பைச் சுரண்டிக் காசை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். ஆம், நான்தான் வைத்தேன். எடை பார்த்ததாகச் சொன்னதும் பொய்தான். அவர் செத்துப்போகலாம் என்று தெரிந்தேதான் செய்தேன், யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் வாக்குமூலம் என்றால் முழுசாக இருக்க வேண்டும். நேற்று உங்கள் மேஜையில் அந்த எலிவேட்டர் கிடந்தபோது, நீங்கள் போன் பேசத் திரும்பிய நேரத்தில் தட்டிப் பார்த்தேன். சத்தம் கெட்டியாக இருந்தது. இறக்கை நொறுங்கிவிட்டது, வால் பிய்ந்துவிட்டது, சாரும் போய்விட்டார். நான் செய்த எலிவேட்டரில் மட்டும் ஒரு விரிசல் இல்லை. கேஸ் முடிந்ததும் அதைக் கொஞ்சம் பட்டறைக்கு அனுப்பினீர்கள் என்றால், நீங்கள் சுரண்டிய இடத்தை நன்றாக அடைத்துத் தருகிறேன்.