கோடு விழாத கேசட்

"ஒரே நிமிசத்துல நம்ம ஊடு எந்திரிச்சு நிக்குது அம்மணி!"

போத்தனூர் டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தோம். முன்சீட்டில் ஒருவர், மடியில் வீடியோ கேசட். பக்கத்தில் பூக்கூடையோடு மனைவி.

"ஊடு கட்டறத முழுசா எடுத்து, கேசட்ட வேகமா ஓட்டுனா டிவில கோடு கோடா விழுகும். அதுக்குத்தான் வீடியோக்காரன் தெனமும் காலைல எதுத்த மாடில அதே எடத்துல கேமராவ வெச்சு, கண்ணு சிமிட்டற நேரம் மட்டும் எடுத்தான். படம் கண்ணாடியாட்ட இருக்குது! நாளைக்குப் புது ஊட்டுப் புண்ணியார்ச்சனைக்கு வர்ற சொந்தக்காரங்க அசந்துருவாங்க. நேத்து நீயும் பாத்தியல்ல?"

"பாத்தனுங்க. கொத்தனாரு, சித்தாளு, செங்கல்லு, எல்லாம் பறக்குதுங்க. ரெண்டே ரெண்டுதான் அசையவே இல்லீங்க."

"என்னது?"

"ஒண்ணு, முன்னால கட்டித் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மை. இன்னொண்ணு, வேப்பமரத்தடி நாற்காலில நீங்க. கூடவே நின்னு செங்கல் சொமந்தேன்னு எங்கண்ணங்கிட்ட வேற சொல்லி வெச்சிருக்கீங்க."

பஸ் ரயில்வே கேட்டில் நின்றது.

"அப்ப நாளைக்கு வேகமாவே ஓட்டிப்போடலாம் அம்மணி. கோடு விழுந்தா விழுந்துட்டுப் போகுது, நாற்காலி தெரியாதல்ல!"