நீலக் கவுனின் பக்கத் தையல்

"அக்கா, நான் குண்டாயிட்டேனா?"

"நீ எங்கடி குண்டாயிட்ட? போன வாரம் இருந்த மாதிரிதான் இருக்க."

"அப்புறம் ஏன் ஜிப் ஏறமாட்டேங்குது?"

"மூச்சை உள்ள இழு. இதோ, ஏறிடுச்சு பாரு."

ஒப்பனை அறையில் எனக்கும் என் தங்கைக்கும் நடந்த பேச்சு இது. எந்த வீட்டிலும் அக்கா தங்கைக்குள் நடக்கிற பேச்சுதான். நான் அவளிடம் பொய் சொன்னதில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 'நீ குண்டாகிவிட்டாய்' என்று என் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதைக் கவுன்தான் சொன்னது.

மேசைமேல் விரித்து வைத்திருக்கிறீர்களே, இந்த நீலக் கவுன்தான். ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அவசரத்தில் அப்படித்தான் செய்வார்கள், புரிகிறது. ஆனாலும் தையலோரமாக வெட்டியிருந்தால் மறுபடி சேர்த்துவிடலாம். அவள் பிழைத்துக்கொள்வாள், இதயம்தான் ரொம்பக் களைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். கேட்க நிம்மதியாக இருக்கிறது.

அந்த டிவி தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண் ஃபேஷன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பொறாமைக்காரிகளையும் முதலாளியின் மகனையும் சமாளித்து மாடலாக மேலே வருகிற கதை. அந்தப் பெண்ணாக நடித்தவள் என் தங்கை. உடை தைத்தவள் நான். செட்டில் எல்லோருக்கும் நான் 'ஊசியக்கா'. டைட்டில் பாட்டில் இந்தக் கவுனைப் போட்டுக்கொண்டுதான் மேடையில் நடந்து வருவாள். அதனால் கதையில் எங்கே ஃபேஷன் ஷோ வந்தாலும் இதே கவுன்தான்.

அம்மா போனபோது அவள் நடக்கக்கூடப் பழகவில்லை. என் இடுப்பில்தான் வளர்ந்தாள். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட ஒருவர் இருந்தார், நல்ல மனிதர். "குழந்தைய உங்க மாமா வீட்ல விட்டுடலாமே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கப்பை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். அதைப்பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது பக்கத் தையலில் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம். உடம்பு பூசினால் பிரித்து விடுவதற்காக. நான் பிரிப்பதற்குப் பதிலாக இன்னும் உள்ளே பிடித்துத் தைத்து இறுக்கினேன். இந்தப் பக்கம் ஒரு நூல் அளவு, அந்தப் பக்கம் ஒரு நூல் அளவு. கண்ணாடியில் தெரியாது. போட்டுக்கொள்கிறவளுக்கு மட்டும் தெரியும். கவுனை உள்பக்கமாகத் திருப்பினால் பழைய ஊசித் துளைகள் வரிவரியாக, வெட்டிய மரத்தில் வளையம் இருக்குமே, அப்படி இருக்கும். நீங்கள் திருப்பிப் பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

கவுனை மட்டும் பிடித்தால் போதாது. வீட்டில் போடுகிற சட்டை, பேன்ட், தூங்கும்போது போடுகிற பழைய பைஜாமா, எல்லாம் ஒரே பேச்சைப் பேச வேண்டும். எடை பார்க்கிற மெஷினைப் பழசு என்று சொல்லித் தூக்கிப்போட்டேன். அது நிஜமாகவே பழசுதான். வேளாவேளைக்குத் தட்டில் சாப்பாடு போட்டு முன்னால் வைத்திருக்கிறேன். அவள்தான் தள்ளி வைத்தாள். நான் கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஏன் செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள். தயாரிப்பாளர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பொண்ணு மளமளன்னு வளருதேம்மா. குழந்தை முகம் போயிட்டா ஜனங்க பாக்கமாட்டாங்க. வேற ஆளத்தான் போடணும்" என்றார். அவ்வளவு உழைத்துப் பிடித்த இடம் அவள் கையை விட்டுப் போகலாமா? அதற்காகத்தான் செய்தேன்.

ஆனால் இயக்குநர் பேசியதையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அவரைக் கேட்பீர்கள். சில மாதம் கழித்து அவரே தையல் அறைக்கு வந்தார்.

"ஊசியக்கா, கதையில நாலஞ்சு வருஷம் தாவிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். உங்க தங்கச்சியே மேனேஜரா வரட்டும். நல்லதா நாலு கோட் தைச்சு வைங்க."

"சரி சார்."

"அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு வயிறாரச் சோறு போடுங்க. குளோசப் வெச்சா எலும்புதான் நடிக்குது."

சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். அன்று மாலையும் கவுனைப் பிடித்தேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று தெரிந்தால் அப்படி நினைக்கமாட்டீர்கள். மாடிப்படி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். வேலை முடிந்து வந்ததும் என் மடியில் தலை வைத்துப் படுத்துவிடுவாள். குளிருது என்பாள், போர்த்திவிடுவேன். தலை வாரும்போது சீப்போடு கொத்தாக முடி வரும். அவள் கண்ணில் படாமல் சுருட்டி எறிந்துவிடுவேன். பயந்துபோவாள் அல்லவா?

"நீ இல்லன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று ஒருநாள் கேட்டாள். குழந்தையாக இருந்தபோது கேட்ட அதே குரல்.

இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் அவள் வேறு மாதிரி ஆகியிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவாள். என் சமையலில் குறை சொல்லுவாள். தொடர் முடிந்ததும் வெளியூர் போய் டிசைன் படிக்கப்போவதாகச் சொன்னாள். ஹாஸ்டலாம். ரூமில் சேர்ந்து தங்க ஒரு தோழியைக்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

"எனக்குத் தைச்சுத் தைச்சே உன் கண்ணு போச்சு. இனிமே நீயும் உன் வாழ்க்கையப் பாருக்கா. யாராவது நல்லவனா மாட்டினா சொல்லு, நானே வந்து பொண்ணு குடுக்கிறேன்."

விளையாட்டாக, அன்பாகத்தான் சொன்னாள். "நல்லதுதான்டி, போயிட்டு வா" என்றேன். வேறென்ன சொல்வது? வளர்த்துவிட்டதற்குக் கூலி கேட்கிற மாதிரி ஆகிவிடாதா?

முதல் தடவை கவுனைப் பிடித்தது அந்த வாரம்தான். தயாரிப்பாளர் என்னிடம் பேசியது அதற்குப் பிறகு. இப்போது சொல்லும்போதுதான் எனக்கே அந்த வரிசை புரிகிறது.

அன்று ஃபேஷன் ஷோ காட்சி. பாட்டு ஓடியது. அவள் பாதி மேடை வந்தாள். ஏதோ மறந்துவிட்டவள் போல நின்றாள். பக்கவாட்டில் நான் நிற்கிற இடத்தைத் தேடிப் பார்த்தாள், பிறகு விழுந்தாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்து இயக்குநர் கட் சொல்லவில்லை. லைட்காரர்தான் ஓடிப்போய்த் தூக்கினார்.

ஆம்புலன்சில் நர்ஸ் நாடியைப் பிடித்துக்கொண்டே, "கடைசியா எப்ப சாப்ட்டாங்க?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என்ன சொன்னேன் என்பதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். இல்லாவிட்டால் நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். ஆனாலும் நானே சொல்கிறேன்.

தங்கையின் கண் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கைக்குட்டையைத் தூக்குகிற மாதிரி அவள் கையைத் தூக்கி என் கைக்குள் வைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அவள் காதருகே குனிந்து கேட்டேன்.

"ஹாஸ்டலுக்குப் போகாதடி. என்கூடவே இரு."