பழைய சிப்புக்கு ஒரே ஆள்

— பழைய சிப்புக்கான சப்போர்ட்டைத் தூக்கப்போறேன்னா தூக்கப்போறேன்தான், வாத்தியாரம்மா. அந்த சிப்பு கடையை விட்டுப் போயே எவ்வளவு காலமாச்சு! புரோகிராம்ல தப்புத் தேடுற எங்க டீபக்கர் சாஃப்ட்வேர் இன்னும் எத்தனை நாளைக்கு அதை முதுகுல சுமக்கணும்?

— நான் இருக்கேனே, மகராசா! என் வீட்டு மெஷின்ல அதே சிப்புதான். நம்ம ஆபீஸை மூடுனப்ப குப்பைக்குப் போக இருந்ததை நான்தானே எடுத்துட்டு வந்தேன்.

— எடுத்துட்டு திரும்பிக்கூடப் பார்க்காம போனே.

— நீ 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னியா? கார்ல ஏறுற வரைக்கும் கேபிளைச் சுத்திக் குடுத்துட்டு நின்னே. பெரிய இவன்!

— சரி விடு. வீட்ல யார் யார் இருக்கீங்க?

— நானும் மெஷினும். ஃபிரிட்ஜ் பக்கத்துல உட்கார்ந்து உறுமிட்டு இருக்கு.

— அட போம்மா. உலகத்துலேயே அந்த சிப்புக்கு நீ ஒருத்திதான் பாக்கி. புதுசா வந்த பசங்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.

— சிரிச்சுட்டுப் போகட்டும். தப்பு வந்தா நான் உனக்கு எழுதுறேன்ல?

— எழுதுற, எழுதுற. 'இந்த இடத்தில் நின்றுவிடுகிறது, பார்க்கவும்.' நல்லா இருக்கியான்னு ஒரு வரி கிடையாது.

— நீ மட்டும்? 'சரிசெய்தாயிற்று, சோதிக்கவும்.' கல்லுக்குக்கூட உன்னைவிட ஈரம் இருக்கும்.

— அப்படி என்னதான் ஓட்டுற அந்த மெஷின்ல?

— தூக்காதடா. கெஞ்சிக் கேட்கிறேன்.

— கெஞ்சுறியா? நீயா? உண்மையைச் சொல்லு.

— ஒரு மண்ணும் ஓட்டல. உன் டீபக்கர்தான் ஊருல இருக்கிற புரோகிராம்ல எல்லாம் தப்புக் கண்டுபிடிக்குதே, அதுலயே தப்பு இருக்கான்னு தேடுறேன். புது வெர்ஷன் வந்ததும் ஒவ்வொரு கட்டளையா தட்டிப் பார்ப்பேன். ஒண்ணு சிக்கினா உனக்கு எழுதலாம்ல? அதை விட்டா எந்த முகத்தை வெச்சுக்கிட்டு எழுதுறது?

— ஒவ்வொரு தடவையும் சிக்குச்சா?

— சிக்குச்சு. அதான் எனக்கே ஆச்சரியம். அவ்வளவு சுத்தமா வேலை பார்க்கிறவன், இந்த சிப்புல மட்டும் இப்படிக் கோட்டை விடுறியேன்னு. போன வெர்ஷன்லதான் தலைகீழா நின்னும் ஒண்ணும் கிடைக்கல. அதுக்குள்ள தூக்கப்போறேன்னு உன் மெயில் வந்துருச்சு. என்ன, சிரிக்கிறியா?

— சிரிக்கல. நீ எழுதணும்னு நான்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு தப்பை விட்டு வெச்சேன். போன தடவை கொஞ்சம் ஆழமாப் புதைச்சுட்டேன் போல, உன்கிட்ட இருந்து ஒண்ணுமே வரல. உனக்கு என்ன ஆச்சோன்னு பயந்துதான் தூக்கப்போறேன்னு எழுதினேன்.