தரையில் போடக்கூடாத முப்பது ஜோடி

— டோக்கன் இல்லாம ஒரு செருப்பு கூட இங்கருந்து நகராது தம்பி. நீ கம்பெனிக்காரனாவே இரு, கலெக்டராவே இரு.

— புஷ்பலதாக்கா, அந்த முப்பது ஜோடி ஷூவையும் நான்தானே கொண்டாந்து குடுத்தேன்? ஆறு மாசத்துக்கு முன்னாடி, இதே மலையடியில, இதே பலகைக்கு முன்னாடி?

— குடுத்த. யாரு இல்லன்னா? தெனம் மலை ஏறுற முப்பது பேருக்குக் குடுத்த. அவங்க எங்கிட்ட உட்டுட்டு டோக்கன் வாங்கிகினாங்க. இப்ப அது அவங்க பொருளு. இருவத்திரெண்டு வருஷமா திருத்தணில செருப்பு பாத்துக்கறேன், ஸ்ரீதரு. மாறிப்போச்சின்னோ காணாப்போச்சின்னோ ஒருத்தன் என் முன்னாடி வந்து நின்னது கெடையாது.

— பேசிக்கலி மேட்டர் என்னான்னா, நாலு மணிக்கு அதெல்லாம் சென்னை ஆபீஸ்ல டேபிள் மேல இருக்கணும். இல்லன்னா என் வேல காலி.

— எம்மாடியோவ். வேலையா? உங்க கம்பெனி நல்லாத்தானே ஓடிகினு இருந்தது? எங்க தெருப் பசங்க பாதிப் பேரு உங்க பனியன்தான் போட்டுகினு திரியறானுங்க.

— ஓடிகினுதான் இருந்தது. அதான்க்கா பிரச்சன. ஓடற ஷூவ இப்ப எவன் வேணா போடறான். அதனால பெரிய கம்பெனி அத்தனையும் ஓடறத உட்டுட்டு மலை ஏற ஆரம்பிச்சிடுச்சி. மலை ஷூ, மலை பேன்ட்டு, மலை ஜாக்கெட்டு, மலைக்கு ஒரு ஜட்டி. எங்க எம்.டி.யும் 'நாமளும் ஏறுவோம்'னு ஒரே நாள்ல ஓட்டப் பிரிவ இழுத்து மூடிட்டாரு. மலைப் பிரிவுல இருக்கறது ஒரே சீட்டு. அது எனக்கா, இல்ல சோளிங்கர் மலையில இதே ஷூவ டெஸ்ட் பண்ற பிரகாஷுக்கான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்.

— அந்த ஜோர்லதான் எனக்கு ஒரு ஜாக்கெட்டும் குச்சியும் குடுத்தியா?

— குச்சி இல்லக்கா. அது மலை ஏறுறதுக்கு ஊணிக்கறது.

— ஆங், மேல் தட்டுல இருக்கற செருப்ப இழுக்கறதுக்கு நல்லா இருக்குது.

— ஜாக்கெட்டு போட்டுப் பாத்தீங்களா? மைனஸ் இருவது டிகிரி வரைக்கும் தாங்கும்.

— திருத்தணில, சித்திரை மாசத்துல, மைனஸ் இருவது. நல்லா இருக்குதுபா உன் கத. பக்கத்து ஜூஸ் கடைக்காரரு ஐஸ் கட்டிக்குப் போத்தி வெச்சிருக்காரு. கரையவே மாட்டேங்குதாம். அத வேணா எழுதிக்கோ.

— ஷூக்கா. ஷூவக் காட்டுங்க. கால்ல வுழட்டுமா?

— வாணாம், எழுந்திரு. பாக்கறதுக்கு டோக்கன் வாணாம். தொடறதுக்குத்தான் வேணும். இந்தா, சாக்கப் பிரிக்கறேன். ஒவ்வொரு ஷூவையும் தனித்தனியா பேப்பர்ல சுத்தி, நம்பர் எழுதி, ஜோடி ஜோடியா கயிறு கட்டி வெச்சிருக்கேன். படித்திருவிழா அன்னிக்கு எம்மாஞ் சனம் வந்தது தெரியுமா? காலு வெக்க எடமில்ல. அன்னிக்குக் கூட இந்தச் சாக்கு மேல ஒருத்தன் கை படல. ஏழாம் நம்பர்ல ஒரே ஒரு ஷூவ மட்டும் பிரிக்கறேன். தூரமா நின்னு பாத்துக்கோ.

— அக்கா, இது என்னாக்கா?

— என்னா?

— அடியில ஒரு பொட்டு மண்ணு இல்ல. ஸ்டிக்கர் கூட கிழியல.

— பின்ன? பொதட்டூர்பேட்டை லுங்கித் துணில தெனம் தொடைச்சி வெக்கறேன்ல. மோந்து பாரு, பெட்டிய இப்பத்தான் தொறந்தாப்ல இருக்கும்.

— ஆறு மாசம் மலை ஏறுன ஷூக்கா இது!

— ஏறுனது அவங்க. ஷூ எதுக்குபா ஏறும்? முருகன் மலையில யாராவது ஷூ போட்டு ஏறுவாங்களா? நீ அரக்கோணத்துக்காரன்தானே, உனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சிகினே ஏன்பா இங்க கொண்டாந்த?

— எம்.டி. சின்ன வயசுலயே வெளிநாடு போனவருக்கா. மீட்டிங்ல மேப்ப விரிச்சி வெச்சி, 'முன்னூத்தி அறுவத்தஞ்சு படி! வருஷத்துக்கு எத்தன நாளோ அத்தன படி! இதவிட என்னா வேணும்?'னாரு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். தட்டிகினு இருக்கும்போது எப்படிக்கா சொல்றது?

— வாயத் தொறந்து.

— சொல்லியிருந்தா அன்னிக்கே என்ன அனுப்பியிருப்பாரு. சரி, மலையில போட மாட்டாங்க, ஊட்லருந்து மலையடி வரைக்குமாவது போட்டுகினு வருவாங்கன்னு நெனச்சேன். கே.ஜி.கண்டிகைலருந்து நடந்தே வர்றவங்க எத்தன பேரு! அந்தத் தேய்மானம் போதும், ஒப்பேத்திடலாம்னு இருந்தேன்.

— எப்படிப் போடுவாங்க? செவுத்துல நாலாவது ரூலப் பாரு. நீதானே ஒட்டிட்டுப் போன? 'இந்த ஷூ மலைக்கு மட்டுமே. சமதரையில் அணிந்தால் சோதனை கெட்டுவிடும்.' படிச்சியா?

— அது ஹெட் ஆபீஸ்ல எழுதுனது.

— எவன் எழுதுனா என்னா? எழுதுனா எழுதுனதுதான். மலையில போட்டா சாமி குத்தம், தரையில போட்டா கம்பெனி குத்தம். அப்ப எங்கதான் போடறது, ஆகாசத்துலயா? மொத நாளே நம்ம ஆதிகேசவன் அண்ணன் அளவு பாக்கறேன்னு கால நொழைக்கப் போனாரு. உட்டனா? இது சமதரை அண்ணே, டெஸ்ட் கெட்டுடும்னு கையப் புடிச்சி இழுத்துட்டேன்.

— அப்ப ஒருத்தர் கூட, ஒரு நாள் கூட...

— ஒரு வெரலு கூட உள்ள போகல. சாமி சத்தியமா.

— அப்ப ஃபாரம்? தெனம் முப்பது ஃபாரம் எனக்கு வந்துகினே இருந்துச்சேக்கா! எல்லாத்துலயும் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு!

— நான்தான் எழுதுனேன். அவங்க பாவம், ஏறி எறங்குன களைப்புல இருப்பாங்க. ஒவ்வொருத்தரா கேட்டுக் கேட்டு எழுதுவேன். என் மருமவ விஜி ஃபோன்ல போட்டோ புடிச்சி அனுப்பிடுவா.

— அத்தனையும் பொய்யா?

— நாக்க அடக்கிப் பேசு. ஒரு எழுத்து பொய் கெடையாது. 'இன்று மலை ஏறினீர்களா?' ஏறுனாங்க. 'காலில் கொப்புளம் உண்டா?' இல்ல. 'ஈரப் படியில் வழுக்கியதா?' வழுக்கல. 'ஷூவுக்குள் தண்ணீர் புகுந்ததா?' தூத்தல் போட்டாலே தார்ப்பாய் போட்டு மூடறேன், எப்படிப் புகும்? 'அடிப்பாகம் தேய்ந்ததா?' நீயே பாத்தியே.

— 'ஷூவை அணிந்தீர்களா'ன்னு ஒரு கேள்வி...

— அந்தக் கேள்வி இல்லயேபா. இந்தா, ஆதிகேசவன் அண்ணனே எறங்கி வராரு. ஏழாம் நம்பரு அவருதுதான். ரயில்வேல கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு, பொய் பேச மாட்டாரு. நீயே கேளு.

— யாரு, ஷூ கம்பெனி சாரா? வணக்கம் சார்! பிரமாதம் சார் உங்க ஷூ. ஆறு மாசம், ஒரு நாள் லேட் இல்ல, ஒரு நாள் கேன்சல் இல்ல. முந்தியெல்லாம் நூறாவது படியிலயே எனக்கு சிகப்பு சிக்னல் உழுந்துடும். இப்ப மேல வரைக்கும் நான்ஸ்டாப்.

— ஆதிகேசவன் சார், நீங்க அதப் போட்டதே இல்லயே!

— போடல. ஆனா கீழ நமக்குன்னு ஒரு புது ஷூ காத்துகினு இருக்குதுங்கற நெனப்பு இருக்குது பாருங்க, அது கால தூக்கி உடுது சார். சுகர் எறங்கிடுச்சி. டாக்டரே கேட்டாரு, என்னா மாத்திர சாப்புடறீங்கன்னு. ஷூன்னு சொன்னேன்.

— சார், உங்கள கெஞ்சிக் கேக்கறேன். அந்த டோக்கன எங்கிட்ட குடுங்க. இந்த ஷூவ அந்த சிமென்ட் மேல வெச்சி நாலு தேய் தேய்ச்சிக்கறேன். அடி கொஞ்சம் தேஞ்சாப்ல தெரிஞ்சா போதும்.

— கையெடு! புஷ்பலதா எடத்துலயே ஷூவத் தேய்ப்பியா நீ? தேய்ச்ச, மரியாத கெட்டுடும். எங்கிட்ட உட்ட பொருளு தேஞ்சி போச்சின்னு நாளைக்கு ஒருத்தன் பேசுனா நான் எங்க போயி மூஞ்சிய வெச்சிக்கறது?

— அக்கா, உங்களுக்குப் பேரு, எனக்குச் சோறு. பன்னெண்டு வருஷம் அந்தக் கம்பெனிக்கு ஊரு ஊரா சுத்தியிருக்கேன். ஊட்ல நான் இப்பவே மலைப் பிரிவு ஆபீசர்னு சொல்லி வெச்சிருக்கேன். என் பொண்ணு படம் வரைஞ்சி செவுத்துல ஒட்டியிருக்கா. அப்பா மலை உச்சியில கொடி புடிச்சிகினு நிக்கறாப்ல. தெனம் அதப் பாத்துட்டுத்தான் கெளம்பறேன். பயமா இருக்குதுக்கா எனக்கு.

— ஐயோ, கண்ணு கலங்கறியே. அழுவாத நைனா. அண்ணே, கொஞ்சம் சொல்லுங்க இந்தப் புள்ளைக்கு.

— அழக்கூடாது சார். எல்லாம் லைன் கிளியர் ஆகும். இந்தாங்க, ஏழாம் நம்பர் டோக்கன். எம்மா புஷ்பலதா, அவரு கேட்டா குடும்மா, தேய்க்க மட்டும் உடாத. நான் போயி மூணு டீ சொல்லிட்டு வரேன்.

— போயிட்டு வாங்கண்ணே. தம்பி, உன் ஃபோன் அடிக்குது பாரு.

— எம்.டி.! அக்கா, எம்.டி.! ஹலோ சார். ஆங் சார், திருத்தணிலதான் சார். சார், பேசிக்கலி ஒரு சின்ன உண்மை சொல்லணும் சார். அந்த ஃபாரம்... எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா? அஞ்சாயிரத்து நானூறையுமா சார்? ஆமா சார், ஒரு கொப்புளம் கூட இல்ல. அடி தேயல சார், இப்பத்தான் என் கண்ணால பாத்தேன். ஸ்டிக்கர் கூட... இல்ல, ஒண்ணுமில்ல சார். சார்! நெஜமாவா சார்? தேங்க்யூ சார்! எத்தன ஜோடி சார்? ரெண்டு லட்சமா! ஆமா சார், ஒரு தையல் கூட மாத்தவே கூடாது சார். அந்த முப்பது ஜோடி எப்படியோ அச்சு அசலா அப்படியே போடலாம். என் பொறுப்பு சார். என் பேரையே போட்டுக்குங்க சார். போட்டோவா? இப்பவே சார், இப்பவே!

— என்னாபா, என்னா சொல்றாரு? உக்காரு, உக்காரு. மூச்ச உடு.

— சீட்டு எனக்குத்தான்க்கா! எனக்கு! உண்மையச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன், அவரு உடல. ஆறு மாசம் தேயாத ஷூவ ஒலகத்துல எவனும் செஞ்சதில்லயாம். பிரகாஷும் சோளிங்கர்லருந்து இதே மாதிரிதான் எழுதியிருக்கானாம். கொப்புளம் இல்ல, தேய்மானம் இல்ல, தண்ணி புகல. ரெண்டு மலையும் ஒரே பதில் சொன்னதுலதான் எம்.டி.க்கு நம்பிக்கையே வந்துச்சாம். ஆனா இங்க நடந்த டெஸ்ட்டுதான் மொதல்ல முடிஞ்சிது, அதனால சீட்டு எனக்கு.

— முருகா! நான்தான் சொன்னேன்ல? ஒரு எழுத்து பொய் இல்லன்னு.

— ஷூ கூட சென்னைக்கு வாணாமாம். நான் அதப் போட்டுகினு நிக்கறாப்ல ஒரே ஒரு போட்டோ போதும். அதப் பாத்த ஒடனே மெஷின ஓட்டிடுவாங்க. இந்தாங்க டோக்கன், ஏழாம் நம்பரு.

— டோக்கன் இருந்தா சரி. ஆனா இது சமதரை. இந்தப் பலகை மேல ஏறி நின்னு போடு. பலகை தரையில சேராது.

— ஏறிட்டேன். குடுங்க. ஆஹா, எடது காலு வழுக்கிகினு போவுதுக்கா. எம்மாம் மெத்துன்னு இருக்குது தெரியுமா! என் பொண்ணு வரைஞ்ச படத்துல இருக்கறாப்லயே நிக்கறேன் பாருங்க. இன்னொண்ணக் குடுங்க. அக்கா, இதுவும் எடது காலு. வலது காலக் குடுங்க.

— ஏழாம் நம்பர்ல இருக்கறது அதான்.

— கட்டும்போது வேற ஜோடியோட மாறியிருக்கும்.

— எங்கிட்டயா? மாறறதா? இந்தா எட்டாம் நம்பரப் பிரிக்கறேன், பாரு. எடது, எடது. ஒம்போதாம் நம்பரு. எடது, எடது. முப்பது ஜோடி, அறுவது ஷூ, அறுவதும் எடது காலுதான்.

— இது உங்களுக்குத் தெரியுமா?

— மொத நாளே தெரியும். பொழுதன்னிக்கும் செருப்பப் பாக்கறவளுக்குத் தெரியாதா? மலைக்குன்னே செஞ்சது, பெரிய கம்பெனி, சாஞ்சி சாஞ்சி ஏறுறதுக்கு எதுனா கணக்கு போட்டு செஞ்சிருப்பாங்கன்னு நெனச்சேன்.

— ஏன்க்கா சொல்லல? ஆறு மாசம்! அஞ்சாயிரத்து நானூறு ஃபாரம்! ஒண்ணுலயாவது எழுதியிருக்கக்கூடாதா?

— கேட்டாத்தானேபா எழுதறது?

— ரெண்டு லட்சம் ஜோடிக்கா. அச்சு அசலா. என் பேரப் போட்டுக்குங்கன்னு நானே... இல்ல, இருங்க. சோளிங்கர்! பிரகாஷ்கிட்ட இருக்கறது நல்ல ஜோடியா இருக்கும். அதப் பாத்துத் தெக்கச் சொல்லிடறேன். சீட்டு அவனுக்கே போவட்டும், பரவால்ல, என் மானமாவது மிஞ்சும். ஃபோன் போடறேன் அவனுக்கு.

— போடாத தம்பி. சோளிங்கர் மலையடியில செருப்பு பாத்துக்கறது என் தங்கச்சி வசந்திதான். அவகிட்ட இருக்கற அறுவதும் வலது காலு.